நாத்திகர் எழுதிய பேய்க்கதை: டர்க் ஜென்ட்லி நாவல்களில் அறிவியலும் மதமும்

கேள்வி இதுதான்: ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸ் தன்னைத் தீவிர நாத்திகர் என்று சொல்லிக்கொண்டவர். அறிவியல் என்றால் அவருக்கு உயிர். அப்படிப்பட்டவர் எழுதிய டர்க் ஜென்ட்லி துப்பறியும் நாவலில் பேய் வருகிறது, ஆவி ஆளுக்குள் புகுகிறது, அடுத்த நாவலில் கடவுள்களே நேரில் வந்து நிற்கிறார்கள். இவர் கிண்டல் செய்வது மதத்தையா, அறிவியலையா? இல்லை, சிரிப்புக்காகச் சும்மா கலந்து வைத்ததா?

சுருக்கமாகச் சொன்னால், இரண்டுக்கும் அடி விழுகிறது. ஆனால் அவர் குறி வேறு. நம்பும் வேலையையும் யோசிக்கும் வேலையையும் இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் ஆள்தான் அவர் குறி. அந்த ஆள் சர்ச்சிலும் இருப்பார், ஆய்வகத்திலும் இருப்பார், ராணுவத் தலைமையகத்திலும் இருப்பார். இதை விளக்க வேண்டுமானால் கதையின் முடிச்சுகளை அவிழ்த்தாக வேண்டும். நாவலை இனிமேல்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இந்தப் பதிலை அப்புறம் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு பழைய வேடிக்கை. துப்பறியும் கதையில் பேய்க்கு இடமில்லை என்று சட்டம் போட்டவர் ஒரு பாதிரியார். ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயக் கத்தோலிக்கக் குரு 1929இல் துப்பறியும் கதைகளுக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். இரண்டாவது கட்டளையே அமானுஷ்ய சக்திகளை உள்ளே விடக்கூடாது என்பதுதான். (ஒரு கதைக்கு ஒரு ரகசிய அறைக்கு மேல் கூடாது என்பது மூன்றாவது. ஒன்று வரை பரவாயில்லை என்று விட்டுக்கொடுத்தது அவர் பெருந்தன்மை.) அவருக்கு முன்பே, 1910இல், செஸ்டர்டன் படைத்த ஃபாதர் பிரவுன் என்ற துப்பறியும் பாதிரியார் முதல் கதையிலேயே பாதிரியார் வேஷம் போட்ட திருடனைக் கண்டுபிடித்துவிடுகிறார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று திருடன் கேட்கும்போது அவர் சொல்லும் காரணங்களில் ஒன்று, அவன் பகுத்தறிவைத் தாக்கிப் பேசினான் என்பது. உண்மையான பாதிரியார் அப்படிப் பேசமாட்டாராம்.

எதிர்ப்பக்கம் பார்த்தால் கோனன் டாயில். மருத்துவம் படித்தவர், தர்க்கத்துக்கே மறுபெயரான ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்தவர். ஆனால் இறந்தவர்களின் ஆவிகளோடு பேசலாம் என்று நாடு நாடாகப் போய்ப் பிரசங்கம் செய்தார். காட்டிங்லி என்ற ஊரில் இரண்டு பெண்கள் எடுத்த தேவதைப் படங்களை நிஜம் என்று நம்பி 1920இல் ஸ்ட்ராண்ட் இதழில் கட்டுரையே எழுதினார். அட்டையில் வெட்டிய உருவங்களைத் தொப்பி ஊசியால் நிறுத்திப் படம் எடுத்தோம் என்று அவர்கள் ஒப்புக்கொள்ள 1983 ஆகிவிட்டது. இதில் பெரிய வேடிக்கை, 1924இல் வந்த ஒரு கதையில் அதே டாயில் தன் ஹோம்ஸை, பேய்களுக்கு இங்கே அனுமதி இல்லை என்று கறாராகப் பேச வைத்ததுதான். ஆசிரியர் நம்பினார், பாத்திரம் நம்ப மறுத்தது.

டாயில் ஒருவர் மட்டும் இப்படி என்று நினைக்கவேண்டாம். ஆவி, தொலையுணர்வு போன்றவற்றை முறைப்படி ஆராய 1882இல் லண்டனில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதன் முதல் தலைவர் ஹென்றி சிட்ஜ்விக் கேம்பிரிட்ஜ் தத்துவ அறிஞர். பின்னாளில் தலைவர்களாக இருந்தவர்களில் தாலியம் என்ற தனிமத்தைக் கண்டுபிடித்த வில்லியம் குரூக்ஸும், இயற்பியலாளர் ஆலிவர் லாட்ஜும் உண்டு. ஆக, பேயை விரட்டிய பாதிரியார்களும் பேயைத் தேடிப் போன விஞ்ஞானிகளும் நிரம்பிய ஊர் இங்கிலாந்து. மதம் என்றால் மூடநம்பிக்கை, அறிவியல் என்றால் சந்தேகம் என்று நாம் போட்டு வைத்திருக்கும் கோடு அங்கே எப்போதும் நேராக ஓடியதில்லை. ஆடம்ஸ் பிறந்ததும் படித்ததும் கேம்பிரிட்ஜில். தன் பேய்க்கதையை அவர் அதே ஊரில், ஒரு கல்லூரி விருந்தில் தொடங்குவது எனக்குத் தற்செயலாகத் தெரியவில்லை.

சரி, கதை. 'டர்க் ஜென்ட்லிஸ் ஹோலிஸ்டிக் டிடெக்டிவ் ஏஜென்சி' 1987இல் வந்தது. ரிச்சர்ட் மெக்டஃப் என்ற கணினிப் பொறியாளர் தன் பழைய கல்லூரிக்கு விருந்துக்குப் போகிறான். அங்கே அவனுடைய பழைய பேராசிரியர் ரெக், காலவியல் என்ற விசித்திரத் துறையின் தலைவர். பைத்தியம் பிடித்த மூன்றாம் ஜார்ஜ் மன்னர், காலம் ஏன் இப்படி ஒன்றன்பின் ஒன்றாக நகர்கிறது, அதை நிறுத்த வழியுண்டா என்று தெரிந்துகொள்வதற்காக உருவாக்கிய பதவி அது. விருந்தில் ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜின் 'குப்லா கான்' கவிதையை வாசிக்கிறார்கள். மாடியில் ரெக்கின் குளியலறைக்குள் ஒரு குதிரை நிற்கிறது. அன்றிரவே ரிச்சர்டின் முதலாளி கோர்டன் வே சுடப்பட்டுச் சாகிறான். உயிரோடு இருந்தவரை யார் வீட்டு ஆன்சரிங் மெஷினிலாவது ஓயாமல் பேசிப் பதிவு செய்துகொண்டே இருந்தவன் அவன். பேயான பிறகும் அவனுக்கு முதல் கவலை ஒரு ஃபோனைத் தூக்க முடியவில்லையே என்பதுதான்.

கொலையாளி யார் என்பதை நாவல் மறைப்பதே இல்லை. கொன்றது ஒரு எலக்ட்ரிக் மாங்க்; மின்சாரச் சாமியார் என்று வைத்துக்கொள்வோம். இந்த நாவலில் மதத்தைப் பற்றி ஆடம்ஸ் செய்த மிகக் கூர்மையான கற்பனை இதுதான் என்பது என் எண்ணம். பாத்திரம் கழுவும் மெஷின் நமக்காகக் கழுவுகிறது. வீடியோ ரிக்கார்டர் நமக்குப் பார்க்க நேரமில்லாத நிகழ்ச்சிகளை நமக்காகப் பார்த்து வைக்கிறது. அதே வரிசையில், சலாக்சலா என்ற வேற்றுக் கிரகத்தில், உலகம் நம்மை நம்பச் சொல்லும் விஷயங்களையெல்லாம் நமக்காக நம்பித் தருவதற்கு ஒரு மெஷின் செய்கிறார்கள். அதிலும் புது மாடல்கள் ஒன்றுக்கொன்று முரணான 16 கருத்துகளை ஒரே நேரத்தில் எந்தக் கோளாறும் இல்லாமல் மனதில் வைத்துக்கொள்ளும். கதையில் வருவது பழைய மாடல். பதினொரு டிவி சேனல்களை ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்த வீடியோ ரிக்கார்டரோடு தவறுதலாக இணைத்துவிட்டதில் அதன் மண்டை குழம்பிவிட்டது. ரிக்கார்டருக்குப் பார்ப்பது மட்டும்தான் வேலை. நம்ப வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. பாவம், சாமியாருக்கு அந்தச் சலுகை கிடையாது. அதன் பிறகு அவர் கண்டதையெல்லாம் நம்புகிறார். உலகம் முழுக்க வெளிர் ரோஜா நிறம் என்று நம்பிய கட்டத்தில் எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்றே அவருக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

இந்தச் சாமியாரை ஆடம்ஸ் கெட்டவராகக் காட்டவில்லை. குதிரைமேல் உட்கார்ந்து கண்ணில் படுவதையெல்லாம் மனமார நம்பும் அப்பாவி அவர். துப்பாக்கியால் சுடும்போதும் அவருக்கு யார் மீதும் பகை கிடையாது. குதிரைதான் எதையும் நம்பாமல், தன் முதுகில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி நிதானமாக ஒரு கருத்து வைத்திருக்கிறது. நாவலில் மிகத் தெளிவான சிந்தனையாளர் அந்தக் குதிரை என்றே சொல்லிவிடலாம். மதத்தை வெறுப்பவர் எழுதியிருந்தால் சாமியார் ஒரு சதிகாரராக இருந்திருப்பார். இங்கே தவறு சாமியாருடையது இல்லை, அவரை விலைக்கு வாங்கியவருடையது. கடையில் காசு கொடுத்து நம்பிக்கையை வாங்கி, தன் பாரத்தை இறக்கி வைத்துவிட்டுப் போன ஆள் கதையின் முதல் பக்கங்களில் கண்ணுக்கே தெரிவதில்லை. அவர் யார் என்பதுதான் மர்மத்தின் கடைசி விடை.

அதற்குப் போவதற்கு முன்னால், சாமியாருக்கு அறிவியல் பக்கத்திலிருந்து ஒரு ஜோடி இருக்கிறது. படித்தவர்கள்கூட இதை ஒரு நகைச்சுவைத் துணுக்காக எண்ணித் தாண்டிப் போய்விடுவதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். கோர்டன் வேயின் வெற்றிக்குக் காரணம் 'ரீசன்' என்ற ஒரு மென்பொருள். முடிவெடுப்பதற்கு உதவும் மென்பொருள்கள் பொதுவாகத் தகவல்களை வாங்கிக்கொண்டு முடிவைச் சொல்லும். இது தலைகீழ். முடிவு என்ன வேண்டும் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். அங்கே போய்ச் சேர்வதற்கான தர்க்கப் படிகளை அது கட்டித் தரும். நம்பும்படியாக, ஓட்டை தெரியாமல். கையில் காசே இல்லாத கோர்டன் இதை வைத்து உடனே ஒரு போர்ஷ் கார் வாங்கிவிடுகிறான்; அவன் வாதத்தில் வங்கி மேலாளராலேயே குறை கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு அந்த மென்பொருளை மொத்தமாக, வேறு யாருக்கும் விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு வாங்கிக்கொண்டது அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன்.

இப்போது இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரு மெஷின் யோசிக்காமல் நம்புகிறது. இன்னொரு மெஷின் நம்பியதற்கு ஏற்றபடி யோசிக்கிறது. முதலாவது மதத்தின் கேலிச்சித்திரம், இரண்டாவது பகுத்தறிவின் கேலிச்சித்திரம். இரண்டையும் செய்து விற்பவர்கள் பொறியாளர்கள்தான்.

ஆவி புகுதல் இந்த நாவலில் எப்படி நடக்கிறது என்று பார்த்தால் இந்த ஜோடி இன்னும் தெளிவாகும். நம் பேய்ப்படங்களில் ஆவி நினைத்த ஆளுக்குள் நினைத்த நேரத்தில் இறங்கிவிடும். ஆடம்ஸின் பேய்க்கு அந்த வசதி கிடையாது. ஓர் ஆளுக்குள் ஏற்கனவே ஒரு சாய்வு இருந்தால்தான் அதைப் பிடித்து இழுக்க முடியும். ரிச்சர்ட் திடீரென்று தன் காதலி வீட்டுச் சுவரில் ஏறி, தன் குரல் பதிவாகியிருந்த ஆன்சரிங் மெஷின் டேப்பைத் திருடுகிறான். ஏன் செய்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை, ஆனால் கேட்டால் காரணம் சொல்கிறான். கதையின் துப்பறிவாளன் டர்க் அவனை ஹிப்னாடிசம் செய்து கால்வாயில் குதிக்க வைத்துவிட்டு, ஏன் குதித்தாய் என்று கேட்கிறான். அதற்கும் ரிச்சர்டிடம் ஒரு காரணம் தயாராக இருக்கிறது. ஹிப்னாடிசக் கட்டளையை நிறைவேற்றியவர்கள் கட்டளையை மறந்துவிட்டு, செய்த காரியத்துக்குப் பொருத்தமான காரணத்தைத் தாங்களே உருவாக்கிக்கொள்வது மனநல மருத்துவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே பதிவு செய்துவரும் விஷயம். ஆடம்ஸ் அதை அப்படியே எடுத்துப் பேய்க்கு விதியாகப் போட்டுவிட்டார். முடிவு முதலில், காரணம் பிறகு. அதாவது ரீசன் மென்பொருள் எல்லோர் மண்டைக்குள்ளும் முன்கூட்டியே பொருத்தப்பட்டுத்தான் இருக்கிறது.

அமானுஷ்யத்தை வைத்து நேர்மையாக ஒரு மர்மக் கதை எழுத முடிவது இப்படிப்பட்ட விதிகளால்தான். நாக்ஸ் பேயைத் தடை செய்ததற்குக் காரணம் கடவுள் பக்தி இல்லை, வாசகனுக்கு நியாயம் செய்யவேண்டும் என்பது. எதை வேண்டுமானாலும் செய்யக்கூடிய பேய் கதைக்குள் வந்துவிட்டால் துப்புக்கு மதிப்பே இல்லை. ஆனால் பேய்க்கே எல்லைகள் இருந்தால், அவை முன்கூட்டியே வாசகன் கண்ணில் பட்டிருந்தால், பேயும் கண்டுபிடிக்கத்தக்க ஒரு காரணம்தான். சுஜாதாவின் 'கொலையுதிர் கால'த்தில் பேயா, ஹோலோகிராமா என்ற இழுபறியில் தூக்கம் கெட்டவர்களுக்கு இது புரியும். அங்கே கேள்வி, பேய் உண்டா இல்லையா. ஆடம்ஸ் அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு, சரி, பேய் உண்டு, அதற்கு என்ன வேண்டும், அதன் கைக்கு எட்டாதது எது என்று கேட்கிறார். கேட்கும் முறை அறிவியலுடையது. கேட்கப்படும் பொருள்தான் பேய்.

இனி அந்தக் கடைசி விடை. கோர்டனைத் தவிர கதையில் இன்னொரு பேய் உண்டு. நானூறு கோடி வருஷத்துக்கு முன்னால், உயிரே இல்லாத பூமியில் குடியேறுவதற்காக சலாக்சலாவிலிருந்து ஒரு கப்பல் வந்தது. அதன் தலைமைப் பொறியாளர் ஒரு பழுதைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. அவர் சரிபார்க்கவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பித் தர ஒரு மின்சாரச் சாமியாரை வைத்துக்கொண்டார். கப்பல் வெடித்தது. அவர் இனத்தார் செத்தார்கள். அந்த வெடிப்பின் ஆற்றல் பூமியின் சேற்றில் உயிரைத் தொடங்கி வைத்தது. நாம் எல்லோரும் அந்த அலட்சியத்தின் பிள்ளைகள். பொறியாளரின் ஆவி மட்டும் நானூறு கோடி வருஷமாகத் தன் தவறைத் திருத்த வழி தேடி அலைகிறது.

கடவுள் இல்லாத ஒரு படைப்புக் கதை இது. ஆனால் கிறிஸ்தவக் கதையின் எலும்புக்கூடு அத்தனையும் உள்ளே இருக்கிறது: ஆதிபாவம், அதற்கான தண்டனை, முடிவில்லாத கழுவாய், மீட்புக்கான ஏக்கம். பாவம் மட்டும் மாறியிருக்கிறது. ஏதேனில் ஆதாமும் ஏவாளும் அறிவைத் தேடியதால் விழுந்தார்கள். இங்கே பொறியாளர் அறியாமல் இருப்பதைத் தேர்ந்தெடுத்ததால் விழுந்தார். நாத்திகர் ஒருவர் விவிலியத்தின் முதல் அத்தியாயங்களைத் திருத்தி எழுதினால் இப்படித்தான் இருக்கும். அந்த ஆவியின் துயரத்தை ஆடம்ஸ் கேலி செய்யவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். நாவலின் மிகக் கனமான பக்கங்கள் அவை.

கோல்ரிட்ஜ் இதற்குள் வருவதும் பொருத்தம் பார்த்துத்தான். மதமும் அறிவியலும் ஒரே ஆளுக்குள் சண்டையில்லாமல் குடியிருந்ததற்கு அவரைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம். ஒரு காலத்தில், திரித்துவத்தை ஏற்காத யூனிட்டேரியன் கிறிஸ்தவச் சபைகளில் பிரசங்கம் செய்தவர். வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் நண்பர். 1799இல் பிரிஸ்டலில் டேவி நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைச் சோதித்தபோது அதை முகர்ந்து பார்த்தவர்களில் ஒருவர். பிறகு லண்டனில் டேவியின் சொற்பொழிவுகளுக்குத் தன் உருவகங்களின் கையிருப்பைப் பெருக்கிக்கொள்ளவே போவதாகச் சொன்னார். 'குப்லா கான்' பற்றி 1816இல் அவர் எழுதிய முன்னுரையும் பிரசித்தம்: மருந்து மயக்கத்தில் கனவில் வந்த நீண்ட கவிதையை எழுதிக்கொண்டிருந்தபோது போர்லாக் என்ற ஊரிலிருந்து யாரோ வேலையாக வந்து கெடுத்துவிட்டாராம், மிச்சம் மறந்துபோனதாம். நமக்குக் கிடைத்தது 54 வரிகள்.

ஆடம்ஸின் கதை தொடங்கும் உலகத்தில் அந்தக் கவிதை முழுமையாக இருக்கிறது. விருந்தில் அதன் விசித்திரமான இரண்டாம் பகுதியையும் சேர்த்தே வாசிக்கிறார்கள். கவிதை தெரிந்த வாசகனுக்கு அங்கேயே ஏதோ உறுத்தும். தெரியாதவன் தாண்டிப் போய்விடுவான். அபின் மயக்கத்தில் இருந்த கவிஞர் பேய்க்கு எளிதான வழி என்பதால், தன் செய்தியை அது அந்தக் கவிதைக்குள் நுழைத்துவிட்டது. ஒரு பறவையைக் கொன்ற மாலுமி காலமெல்லாம் அலைந்து தன் பாவத்தைச் சொல்லித் திரியும் அவருடைய இன்னொரு புகழ்பெற்ற கவிதையிலும் பேயின் கை இருக்கிறது. ரெக்கிடம் இருக்கும் காலயந்திரத்தில் ஏறிக் கப்பலைச் சரிசெய்துவிட்டால் பேயின் பாவம் தீரும். ஆனால் வெடிப்பு நடக்காது, உயிரும் தோன்றாது. அதனால் கவிதை முழுமையாகாமல் தடுக்க டர்க் கோல்ரிட்ஜ் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுகிறான். போர்லாக் ஆசாமி அவன்தான். இலக்கிய உலகம் இருநூறு வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கும் அந்தத் தொந்தரவுதான் மனித இனத்தைக் காப்பாற்றியது.

ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் இசையையும் விட்டுவிடக்கூடாது. கப்பலில் ஒலித்துக்கொண்டிருந்த இசையை அழியவிட மனமில்லாமல் ரெக் கொஞ்சத்தைக் கொண்டுவந்து வரலாற்றுக்குள் நுழைத்துவிடுகிறார். அதுதான் பாக் எழுதியதாக நாம் கேட்பது. நிஜ பாக் தன் சுவடிகள் பலவற்றின் முடிவில் எல்லா மகிமையும் கடவுளுக்கே என்று லத்தீனில் மூன்றெழுத்து போட்டவர். ஒரு மனிதனால் இது முடியாது என்ற பிரமிப்பை ஆடம்ஸ் மறுக்கவில்லை, முகவரியைத்தான் மாற்றுகிறார்.

டர்க் என்ன ரகம்? எல்லாமே எல்லாவற்றோடும் தொடர்புடையது என்பது அவன் தொழில் தத்துவம். இதை வைத்துக் காணாமல் போன பூனையைத் தேடப் பஹாமாஸ் கடற்கரைக்குப் போய்வந்து, டிக்கெட், தங்கும் செலவு எல்லாவற்றையும் ஒரு கிழவியின் பில்லில் ஏற்றுகிறான். குவாண்டம் இயற்பியலின் பெயரைச் சொல்லிக் கீழைத் தத்துவமும் தியான வகுப்பும் விற்ற எழுபதுகள், எண்பதுகளின் புத்தகச் சந்தைக்கு இது நேரான குத்து. கல்லூரியில் தனக்கு ஞானதிருஷ்டி கிடையாது என்று யாரும் கேட்காமலே விடாப்பிடியாக மறுத்து, அதன்மூலமே வதந்தியைக் கிளப்பிவிட்டவன். வரப்போகும் பரீட்சைக் கேள்விகளை மயக்கநிலையில் எழுதித் தருவதாகச் சொல்லி, பழைய வினாத்தாள்களைப் பார்த்துக் குத்துமதிப்பாகத் தயாரித்து விற்கிறான். அச்சடித்த வினாத்தாளோடு அது காற்புள்ளி வரை ஒத்துப்போய்விடுகிறது. போலீஸ் பிடித்துப் போகிறது.

ஒரு போலிச் சாமியாருக்கு வரக்கூடிய மிக மோசமான விபத்து, அவர் சொன்னது பலிப்பது. டர்க் விஷயத்தில் அதுவே திரும்பத் திரும்ப நடக்கிறது. ஆனால் அவன் கடைசியில் பேயைக் கண்டுபிடிப்பது ஞானதிருஷ்டியால் இல்லை. ரிச்சர்டின் நடத்தை, பேராசிரியர் செய்த ஒரு மாயவித்தை, ஒரு கவிதை, ஒரு குதிரை என்று பொருந்தாத துண்டுகளை எதையும் ஒதுக்காமல் வைத்து யோசிப்பதால்தான். ரெக்கின் மாயவித்தை எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ள அவன் ஒரு சின்னப் பையனிடம் போய்க் கேட்கிறான். காலயந்திரம் இல்லாமல் இது நடக்காது என்று பெரியவர்கள் யாரும் சொல்லமாட்டார்கள், குழந்தை சொல்லும்.

இரண்டாவது நாவல் 1988இல் வந்த 'தி லாங் டார்க் டீ-டைம் ஆஃப் தி சோல்'. மதம் இங்கே நேரடியாகவே மேடைக்கு வருகிறது. ஹீத்ரோ விமான நிலையத்தில் ஒரு செக்-இன் கவுன்டர் தீப்பிழம்பாகக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிறது. காரணம் எதுவும் பிடிபடாததால் இன்சூரன்ஸ் பாஷையில் கடவுள் செயல் என்று எழுதி ஃபைலை மூடுகிறார்கள். டர்க் மட்டும் அதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டு கேட்கிறான்: எந்தக் கடவுள்? ஆஸ்லோ போகும் விமானத்தைப் பிடிக்க ஹீத்ரோவில் நிற்கக்கூடிய கடவுள் யார்? விடை, பழைய நார்டிக் புராணங்களின் இடிக்கடவுள் தோர். பாஸ்போர்ட்டும் கிரெடிட் கார்டும் இல்லாததால் அவரை ஏற்ற மறுத்துவிட்டார்கள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு வார்த்தையை எல்லோரும் அர்த்தமில்லாமல் பயன்படுத்தும்போது ஒருவன் மட்டும் அதை நம்பிக் கேட்கும் கேள்வியிலிருந்து ஒரு முழு நாவலே பிறக்கிறது.

மனிதர்கள் தேவைப்பட்டதால் கடவுள்களை உருவாக்கினார்கள். தேவை தீர்ந்ததும் மறந்துவிட்டார்கள். ஆனால் சாகாவரம் பெற்றவர்கள் எங்கே போவார்கள்? வேலை போன முதியவர்கள் மாதிரி லண்டன் தெருக்களில் திரிகிறார்கள். தோரின் தந்தையும் அந்தக் கடவுள்களின் தலைவருமான ஓடின் வசதியான ஒரு தனியார் மருத்துவமனையில் படுத்துக்கொண்டு, தினமும் மாற்றும் வெள்ளை லினன் விரிப்புகளின் சுகத்துக்காகத் தன் தெய்வ சக்தியையே ஒரு வக்கீலுக்கும் விளம்பரத் தொழிலில் இருக்கும் அவர் ஜோடிக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார். டர்க் வீட்டில் மாதக்கணக்கில் திறக்காமல் விட்ட பிரிட்ஜிலிருந்து குற்றவுணர்வுக்கென்றே ஒரு புதிய கடவுள் பிறக்கிறது. கடவுள்கள் மனிதப் படைப்பு என்ற நாத்திக வாதத்தை இவ்வளவு பரிவோடு சொன்ன நாவல் வேறு எனக்குத் தெரியாது.

அறிவியல் பக்கத்துக்கு இந்த நாவலில் விழும் அடி மருத்துவமனையில்தான். அங்கே ஒரு சிறுமி முந்தைய நாளின் பங்குச் சந்தை விலைகளை வரிசை தப்பாமல் முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறாள், மிகச் சரியாக 24 மணி நேரம் தாமதமாக. பழைய விலையால் யாருக்கும் லாபமில்லை என்பதால் டாக்டருக்கு அதில் ஆர்வமே இல்லை. டர்க் சொல்வது வேறு. அந்தக் குழந்தை யாருக்கும் பயனில்லாமல் இவ்வளவு பெரிய மோசடியைத் தினமும் மெனக்கெட்டுச் செய்கிறாள் என்பது நடக்க வாய்ப்பே குறைவு. காற்றிலிருந்து விலைகள் அவளுக்குக் கிடைக்கின்றன என்பது நடக்கவே முடியாது, அவ்வளவுதான். ஆகவே இரண்டாவதுதான் உண்மையாக இருக்கவேண்டும். நடக்க முடியாததை விலக்கிவிட்டால் மிஞ்சுவது எவ்வளவு வாய்ப்புக் குறைவானதாக இருந்தாலும் அதுவே உண்மை என்ற ஹோம்ஸின் புகழ்பெற்ற விதியை இப்படிக் கவிழ்ப்பதற்குப் பின்னால் சிரிப்பைத் தாண்டி ஒரு விஷயம் இருக்கிறது. நடக்கவே முடியாது என்று நாம் சொல்வது நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருப்பதைக் காட்டலாம். வாய்ப்புக் குறைவான விளக்கமோ நமக்கு நன்றாகத் தெரிந்த மனித இயல்புக்கே எதிராகப் போகிறது. புதிய இயற்பியல் பிறக்கும் இடம் பெரும்பாலும் முதல் வகை.

ஆசிரியர் நிஜத்தில் என்ன நினைத்தார் என்பதற்கு நல்ல ஆதாரம் 1998 செப்டம்பரில் கேம்பிரிட்ஜில் ஒரு கருத்தரங்கில் அவர் குறிப்பில்லாமல் பேசிய உரை. ஒரு குழியில் தேங்கிய நீர், இந்தக் குழி எனக்காகவே அளவெடுத்துச் செய்தது போல இருக்கிறதே என்று வியக்கும் அந்தப் பிரபலமான உவமை இந்த உரையில்தான் வருகிறது. நாத்திகர்கள் இந்தப் பகுதியை மட்டும் மேற்கோள் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். உரை அதற்கப்புறம் திரும்பும் திசைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பாலித் தீவின் நெல் விவசாயத்தைப் பற்றிப் பேசுகிறார். எந்தப் பகுதிக்கு எப்போது தண்ணீர், எப்போது தரிசு என்பதை அங்கே நீர்க் கோயில்களின் பூசாரிகளும் சடங்கு நாட்காட்டியும் முடிவு செய்து வந்தன. பசுமைப் புரட்சி வந்தபோது இதையெல்லாம் மூடப்பழக்கம் என்று ஒதுக்கி, வருஷம் முழுக்க நடச் சொன்னார்கள். பூச்சி பெருகியது, தண்ணீருக்குத் தகராறு வந்தது. பிறகு ஸ்டீபன் லான்சிங் என்ற மானுடவியலாளரும் ஒரு சூழலியலாளரும் சேர்ந்து கணினி மாதிரி போட்டுப் பார்த்தபோது தெரிந்தது: அக்கம்பக்கத்து வயல்கள் ஒரே நேரத்தில் தரிசாகக் கிடக்கும்போது பூச்சிக்குத் தீனி இல்லாமல் போகிறது, எல்லோரும் ஒரே நேரத்தில் தரிசு போட்டால் தண்ணீர் போதாது, இந்த இரண்டுக்கும் நடுவே சமநிலையைப் பிடித்து வைத்திருந்தது கோயில்தான். அந்த நீர்ப்பாசன அமைப்பை யுனெஸ்கோ 2012இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஆடம்ஸ் இதிலிருந்து அங்கே கடவுள் இருக்கிறார் என்று முடிவு கட்டவில்லை. பல தலைமுறை அனுபவம் ஒரு தெய்வத்தின் பெயரில் சேமித்து வைக்கப்பட்டிருக்கலாம், தெய்வம் இல்லை என்பதற்காக அந்தச் சேமிப்பையும் சேர்த்துக் கொட்டிவிடாதீர்கள் என்பதுதான் அவர் பக்கம். வீடு கட்டும் இடத்தில் ஒரு டிராகன் எப்படிச் சௌகரியமாக வளைந்து படுத்துக்கொள்ளும் என்று யோசிக்கச் சொல்லும் சீன ஃபெங் ஷூயியையும் இதே உரையில் எடுத்துக்கொள்கிறார். டிராகன் இல்லை. ஆனால் அது இருப்பதாக வைத்துக்கொண்டு யோசித்தால், காகிதத்தில் கணக்குப் போட்டு வராத சில விஷயங்கள் பிடிபடலாம். டர்க் ஜென்ட்லி நாவல்களில் பேய் செய்யும் வேலையும் இதேதான். பாலியின் பூசாரியை மின்சாரச் சாமியாரோடு குழப்பிக்கொள்ளவும் கூடாது. பூசாரி வயலைப் பார்த்துக்கொண்டே இருப்பவர், பயிர் கெட்டால் அவர் ஊருக்கே பதில் சொல்லவேண்டும். மின்சாரச் சாமியார் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

நாவலில் குறைகள் இல்லையா என்றால், உண்டு. முதல் நாவலின் கடைசிப் பக்கங்கள் ரயிலைப் பிடிக்க ஓடுவதுபோல் ஓடுகின்றன. பேயின் திட்டம் ஏன் தோற்கிறது என்பது, கோல்ரிட்ஜின் முன்னுரையைப் பற்றி முன்பே தெரியாதவர்களுக்குப் புரியாது; நாவலும் விளக்குவதில்லை. நாக்ஸ் கேட்ட நியாயம் இந்த இடத்தில் வாசகனுக்குக் கிடைக்கவில்லை என்பது என் கட்சி. இரண்டாவது நாவலில் கடவுள்களின் சச்சரவு தீரும் விதம் அதைவிட அவசரம். வசனத்திலும் கற்பனையிலும் இருக்கும் பொறுமை முடிச்சவிழ்ப்பில் ஆடம்ஸுக்கு எப்போதும் இருந்ததில்லை. பல எழுத்தாளர்களுக்கு இதற்கு நேர் எதிரான வியாதி.

படிப்பதாக இருந்தால் 'குப்லா கா'னையும் அதன் முன்னுரையையும் முதலில் ஒருமுறை படித்துவிடுங்கள், கால் மணி நேரம்கூட ஆகாது. பிறகு 1987 நாவல். அது பிடித்திருந்தால் மட்டும் இரண்டாவது. மதத்தைப் பற்றிய பகுதிக்காக மட்டுமே படிக்கிறீர்கள் என்றால் நேராக இரண்டாவதையே எடுக்கலாம், கதைத் தொடர்ச்சி பெரிதாக இல்லை. 1998 உரை எழுத்து வடிவிலும் கிடைக்கிறது. அவர் 2001இல் 49 வயதில் இறந்த பிறகு, மிச்சமிருந்த எழுத்துகளைத் தொகுத்து 2002இல் வந்த 'தி சால்மன் ஆஃப் டவுட்' புத்தகத்தில் சேர்த்திருக்கிறார்கள். டர்க்கின் மூன்றாவது நாவலுக்காக அவர் எழுதிவைத்த, முடிக்காத அத்தியாயங்களும் அதிலேயே இருக்கின்றன.